மரபணு சொல்லும் உறவு

மாணவர்களே, 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பஞ்சத்தில் சுமார் 1 மில்லியன் பேர் மாண்டனர். அதைவிட அதிகமானோர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர்.

அவர்களின் வழித்தோன்றல்கள் மூதாதையரைத் தேடுவது எளிதன்று. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகள் பல சாம்பலாயின. கிரிஃபித் நில மதிப்பீட்டு ஏடுகளில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் உள்ளன. ஆனால், ஒரே பெயரில் இருவர் இருந்தால்?

இங்கே மரபணுச் சோதனை உதவுகிறது. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதி மரபணு நமக்கு வருகிறது. தலைமுறைதோறும் அது பாதியாகக் குறையும்; தாத்தாவின் தாத்தாவிடமிருந்து கிடைப்பது சராசரியாக 6.25 விழுக்காடு. அந்த இருவரில் ஒருவரின் வழிவந்தவரோடு நீண்ட மரபணுத் துண்டு பொருந்தினால், உறவு எந்தக் குடும்பத்தோடு என்பது தெளிவாகும். மரபணு பெயரைச் சொல்லாது. அதற்கு ஏடு வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள்: இன்னும் 2 தலைமுறை பின்னோக்கிச் சென்றால் எத்தனை விழுக்காடு?