சங்கு பொறித்த ஒரு காசு

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் பழைய அளவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, "ரூபாய்க்கு எத்தனை காசு?" என்று கேட்டாள். எல்லோரும் "நூறு" என்றார்கள். நான் பிறந்த பாறசாலைப் பக்கத்தில் 1949 வரை இதற்கு விடை 448. அந்தக் கணக்கை நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே சில உண்டு. அவர்களுக்கு இது வெறும் கணக்குப் பாடமல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது 28 சக்கரம் ஒரு ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 448 காசு வரும். அதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு ரூபாய் 16 அணா அல்லது 192 பை. ஒரு பிரிட்டிஷ் ரூபாயைத் திருவிதாங்கூரில் மாற்றினால் 28 சக்கரம் 8 காசு கிடைக்கும். உள்ளூர் ரூபாயைவிட அரைச் சக்கரம் கூடுதல். ஒரு ரூபாய்க்கு இது பெரிதல்ல. நூறு ரூபாய்க்கு 50 சக்கரம் வந்துவிடும். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்த வியாபாரிக்கு இந்த அரைச் சக்கரம் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அன்றைய எல்லை ஆரல்வாய்மொழியில்தான். இன்று எல்லை ஊர் என்று நாம் சொல்லும் பாறசாலை அப்போது சமஸ்தானத்தின் நடுவிலே இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தது அப்போதுதான். காசுக்கு அந்தக் கோடு தெரியாது. இருபக்கத்து வீடுகளிலும் பழைய செப்புக் காசு ஒன்றுதான்.

இனி அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு காசு நாணயம் ஒரு கிராம் எடைகூட வராது. சட்டைப் பொத்தானைப் போன்றது. ஒருபுறம் எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் சங்கு. மறுபுறம் மதிப்பு, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். அந்தச் சங்கு சமஸ்தானத்தின் முத்திரை. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்துத் தாமும் தம் வழியினரும் அவருடைய தாசர் என்று அறிவித்தார். பெருமாளின் சங்கு அரசின் சங்கானது. 1888-இல் வந்த அஞ்சல் தலைகளிலும் அதே சங்குதான், விலையும் சக்கரத்தில்தான்.

நாலு காசு, எட்டுக் காசு நாணயங்களில் சங்கோடு அரசரின் பெயரெழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஆர், வி என்ற இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் 1885 முதல் 1924 வரை ஆண்ட ஸ்ரீமூலம் திருநாள் ராம வர்மா காலத்தது. முன்னால் பி என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் அவருக்குப் பின் வந்த சித்திரைத் திருநாள் பாலராம வர்மா காலத்தது. சித்திரைத் திருநாள் காலத்துச் செப்புச் சக்கரத்தில் அவருடைய உருவமே உண்டு.

சக்கரத்தின் கதை வேடிக்கையானது. பழைய சக்கரம் வெள்ளியில் அடித்தது, கால் கிராமுக்குச் சற்று மேல், மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. இதை எண்ணுவது எப்படி? அதற்கென்று பலகை இருந்தது. வரிசை வரிசையாகச் சிறு குழிகள் வெட்டிய மரப்பலகை. ஒரு பிடி சக்கரத்தை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தைச் சரித்துவிட்டால் கணக்கு முடிந்தது. இந்தக் காலத்து வங்கி இயந்திரத்துக்கு இது தாத்தா என்பேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்புச் சக்கரம் வந்தபோது அது உள்ளங்கையில் கனக்கும் பெரிய நாணயமாக இருந்தது. பெயர் ஒன்றே, உருவம் முற்றிலும் வேறு.

நாணயம் போனபின்னும் சொல் போகவில்லை. எங்கள் பாட்டா கடைசிவரை "கையில சக்கரம் உண்டா?" என்றுதான் கேட்பார். எங்கள் பக்கத்தில் தாத்தாவைப் பாட்டா என்போம். அவர் கேட்டது ரூபாயைத்தான்.

முன்னே சொல்வதாகச் சொன்ன விஷயம் இது. ஊரில் நம் வீட்டுப் பெட்டிகளில் பழைய பத்திரங்கள் கிடக்கின்றன. நிலம் ஒற்றி வைத்தது, பாட்டத்துக்கு விட்டது, பெண்ணுக்குக் கொடுத்தது எல்லாம் பணத்திலும் சக்கரத்திலும் எழுதப்பட்டவை. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். பங்கு பிரிக்கிற நேரத்தில் நம் பிள்ளைகள் அதை எடுத்து, "பணம் 12, சக்கரம் 3" என்பதைப் பன்னிரண்டு ரூபாய் மூன்று பைசா என்று படித்தால் என்ன ஆகும்? அது 51 சக்கரம், திருவிதாங்கூர் கணக்கில் ஒரு ரூபாய் 23 சக்கரம். பத்திரத்தில் ரூபாய் என்றிருந்தாலும் எந்த ரூபாய் என்று பார்க்கவேண்டும்.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். வெள்ளிப் பணத்தில் 1116 என்றிருந்தால் அது 1940-41. ஒரு காசு நாணயத்தில் ஆண்டு கிடையாது.

பெட்டியில் காசு அகப்பட்டால் புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளக்கும், சங்கின் வரி போய்விடும். பழைய செம்பென்று எடைக்கும் போடாதீர்கள். பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: பிரிட்டிஷ் அரை ரூபாயைக் கொடுத்து 3 பணத்துக்குக் கருப்பட்டி வாங்கினால் மீதி எவ்வளவு? விடை: 2 சக்கரம் 4 காசு. வந்த வழியை எழுதி அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.