ராகி மட்டும் போதுமா?

வயது 66. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார் டாக்டர். ‘தாடை எலும்பு அரித்துவிடும்’ என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. ராகியும் கால்சியம் மாத்திரையும் போதாதா?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம்

போதாது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே அது எலும்புப்புரை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, களியை விடாதீர்கள். ஆனால் கால்சியம் வெறும் செங்கல். சுவர் இடிவதைத் தடுப்பது அலெண்ட்ரோனேட்தான். மாமி பயப்படுவது நடக்கக்கூடியதே, ஆனால் இந்த அளவு மருந்தில் மிக அரிது. இடுப்பு முறிவு அவ்வளவு அரிதல்ல. பல்லில் வேலை பாக்கியிருந்தால் முதலில் முடித்துவிடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கிடையாது (வாரத்தில் ஒரு நாள்தானே!). கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. 5 ஆண்டு கழித்து, நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதுவரை உங்கள் மல்லேஸ்வரம் பக்கத்துச் சாங்கி ஏரியைச் சுற்றி தினமும் நடங்கள்.