ஈரத் துணியும் பெட்ரோல் அழுத்தமும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறுக்குச் செல்லும் சாலை, முந்தல் என்னும் அடிவார ஊரைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைவதற்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஏலத் தோட்டத்து வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வழியே போவதைத் தேனி மாவட்ட மாணவர்கள் நன்றாக அறிவார்கள். இன்று அந்த ஜீப்புகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. பெட்ரோல் ஜீப்புகளும் பிரீமியர் பத்மினி கார்களும் மிகுதியாக ஓடிய நாட்களில், மலைப்பாதைகளில் ஒரு காட்சி சாதாரணம். ஏற்றத்தின் நடுவே வண்டி இருமி நின்றுவிடும். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார்கள். ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, நனைத்த துணியொன்றை எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பாகத்தின்மேல் சுற்றுவார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. தொட்டியில் பெட்ரோல் இருந்தது. பற்றவைக்கும் தீப்பொறியும் இருந்தது. இல்லாமற் போனது எரிபொருளின் அழுத்தம் ஒன்றே.

துணி சுற்றப்பட்ட அந்தப் பாகம் பெட்ரோல் பம்பு. வண்டியின் பின்புறத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, முன்புறத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது அதன் வேலை. உள்ளே ரப்பர் பூசிய ஒரு தோல் போன்ற தகடு உண்டு. எஞ்சினின் சுழற்சி அத்தகட்டைக் கீழே இழுக்கும்போது பெட்ரோல் உள்ளே வருகிறது. பிறகு ஒரு சுருள்வில் தகட்டை மேலே தள்ள, பெட்ரோல் வெளியேறுகிறது. அழுத்தத்தை நிர்ணயிப்பது இந்தச் சுருள்வில்லே. வளிமண்டல அழுத்தத்தில் சுமார் கால் பங்குதான் அது. கார்புரேட்டரின் மிதவை அறை நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டால், வில் தள்ள முடியாமல் தகடு கீழேயே நின்றுவிடும், பம்பு ஓய்வெடுக்கும். வில்லின் விசை அளவுக்கு மீறி இருந்தாலோ ஊசியால் துளையை அடைக்க முடியாது; பெட்ரோல் வழிந்தோடும். அழுத்தம் குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு நுட்பமான தற்காப்பு அமைந்திருப்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பே!

மலையேற்றத்தில் என்ன நடக்கிறது? வண்டி மெதுவாகப் போகிறது. ஆகவே எஞ்சின்மேல் வீசும் காற்று குறைவு. பாரமோ அதிகம். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பும் கொதிக்கிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியசுக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, உறிஞ்சும் குழாயினுள் அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் எளிதில் கொதிக்கும் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். குழாயில் ஆவிக் குமிழ்கள் நிறைகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம் அல்லவா? பம்பின் தகடு மேலும் கீழும் ஆடுகிறது. குமிழ் சுருங்கி விரிகிறது. பெட்ரோல் மட்டும் நகர்வதில்லை. இதுவே ஆவிப்பூட்டு. ஈரத் துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது, குமிழ்கள் மீண்டும் திரவமாகின்றன. பத்துப் பேரைச் சுமந்த வண்டி பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும்போது, ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்பது வெறும் தேர்வுக் கேள்வி அன்று.

பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் மலையில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போவோம். சொட்டுநீர்க் குழாயோடு உரக் கரைசலைக் கலக்க, வெஞ்சுரி என்ற நடுவில் இடுங்கிய குழாயைப் பொருத்துவார்கள். இடுங்கிய இடத்தில் நீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பக்கத்து வாளியிலுள்ள உரக் கரைசல் தானாக இழுபட்டுக் கலக்கும். கார்புரேட்டரும் இதே வெஞ்சுரிதான். நீருக்குப் பதில் காற்று, உரத்துக்குப் பதில் பெட்ரோல்.

சுமார் 15 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. எஞ்சின் அதே வேகத்தில் சுழன்றால் அதே கனஅளவு காற்றைத்தான் உறிஞ்சும். எனவே எடையில் 10 சதவீதம் குறைவு. பெட்ரோலும் அதே அளவு குறைந்தால் கவலையில்லை. ஆனால் அது 5 சதவீதமே குறைகிறது. ஏன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். உயரமான எண்ணெய் டின் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஆணியால் சிறு துளையிடுங்கள். துளைக்கு மேல் 32 செ.மீ. உயரம் நீர் நிற்கும்படி, ஒழுக ஒழுக மேலே ஊற்றிக்கொண்டே, 10 நொடியில் வெளிவரும் நீரை அளந்துகொள்ளுங்கள். பிறகு 8 செ.மீ. உயரத்தில் நிறுத்தி அதே 10 நொடிக்கு அளவிடுங்கள். அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிட்டது; நீரும் நான்கில் ஒன்றாகுமா? இல்லை, ஏறக்குறைய பாதி வரும். துளைவழிப் பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வெஞ்சுரியில் பெட்ரோலை இழுக்கும் அழுத்த வேறுபாடு காற்றின் அடர்த்தியோடு சேர்ந்து 0.9 மடங்காகிறது, 0.9இன் வர்க்கமூலம் சுமார் 0.95. விகிதம் 15க்கு 1 என்பதிலிருந்து 14க்குச் சற்று மேலாக இறங்கிவிடுகிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, எஞ்சின் திணறி, புகைபோக்கியில் கரி படிகிறது.

புதிய வண்டிகளில் இரு சிக்கல்களையும் ஒருங்கே தீர்த்துவிட்டார்கள். பம்பு தொட்டிக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி இருக்கிறது. உறிஞ்சுவதற்கு மாறாகத் தள்ளுகிறது. மோட்டார் சைக்கிள்களில் சுமார் 3 வளிமண்டல அழுத்தம் குழாயில் நிலையாக நிற்கும். மிஞ்சினால் ஒரு சீரமைப்பி வழிவிட்டு, மிகுதியைத் தொட்டிக்கே அனுப்பும். அழுத்தம் மாறாததால், தெளிப்பான் திறந்திருக்கும் நேரத்தைக் கொண்டே பெட்ரோலை அளக்கலாம். ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே அது. காற்றின் அழுத்தத்தை ஓர் உணரி சொல்ல, சிறு கணினி அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 2020இல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் நம் நாட்டில் விற்பனையாகும் புதிய மோட்டார் சைக்கிள்களில் இம்முறையே பெருவழக்கு.

இனி, பனி நாடுகளுக்கு ஒரு தாவல். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் பட்டை கொண்ட ஸ்னோமொபைல் என்ற வண்டியில் மலைமேல் பந்தயம் விடுவார்கள். மெலிந்த காற்றை ஈடுசெய்யச் சிலர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். 1772இல் பிரீஸ்ட்லி கண்டறிந்த அதே சிரிப்பூட்டும் வாயுதான்! இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் உயரப் பறக்கும் போர் விமானங்களில் இதைப் பயன்படுத்தினர். காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன். இவ்வாயுவிலோ, மூலக்கூறு எடை 44இல் 16, அதாவது 36 சதவீதம். எஞ்சினுக்குள் சூட்டில் சிதைந்து அந்த ஆக்சிஜன் விடுபடுகிறது.

ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும். கணக்கிட்டால், 10 கிராம் நைட்ரஸ் ஆக்சைடுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் பெட்ரோல் தேவை. இந்தக் கூடுதல் பெட்ரோல் தனித் துளை வழியே வருகிறது. வாயு பாயும் அந்த நொடியில் பெட்ரோலின் அழுத்தம் சரிந்தால், ஆக்சிஜன் மிஞ்சிக் கலவை அளவுமீறிச் சூடேறும். சுடரின் வெப்பநிலையோ 2000 டிகிரிக்கும் மேல். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுவது. சில நொடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். அதனால்தான் இங்கே பெட்ரோல் அழுத்தத்தைக் கவனிப்பது மிக முக்கியம்.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். நைட்ரஸ் ஆக்சைடு உருளையில் திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 50 வளிமண்டலம், பனியில் −20 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 18. நம் எண்ணெய் டின் கணக்கைப் போட்டால், 0.36இன் வர்க்கமூலம் 0.6, வாயு ஏறக்குறைய அறுபது சதவீதமே பாயும். பெட்ரோல் அழுத்தம் மட்டும் மாறாமல் நின்றால் கலவை பெட்ரோலில் மூழ்கிவிடும். ஆகவே அவர்கள் உருளைக்கு மின்சூட்டுப் போர்வை போர்த்தி, அழுத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறார்கள். போடி மலையில் ஈரத் துணி, பனிமலையில் சூட்டுப் போர்வை!

அதே உருளையைச் சித்திரை மாதத்தில் கம்பத்துக்குக் கொண்டுவந்து 38 டிகிரி வெயிலில் வைத்தால்? நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை 36.4 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக இராது. உருளைக்குள் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடும். அழுத்தம் 72 வளிமண்டலத்தையும் தாண்டும். அந்த நிலையில் துளை வழியே எவ்வளவு பாயும் என்பதை நம் எண்ணெய் டின் கணக்கால் சொல்ல முடியுமா? டின்னில் இருந்தது அடர்த்தி மாறாத நீர் என்பதை நினைவில் வைத்து, விடையை உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு விவாதித்துப் பாருங்கள்.