நோய் தங்கும் காலம்

அமராவதி ஆற்றங்கரையிலுள்ள தாராபுரத்தில் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 10 பேர் அங்கு வருகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு நாள் தங்கிச் செல்கின்றனர். அப்பொழுது சத்திரத்தில் எந்நாளும் 10 பேரே இருப்பர். அவர்கள் மும்மூன்று நாள் தங்குவாராயின், வருவோர் தொகை மிகாமலே, 30 பேர் அங்கு நிறைந்திருப்பர். ஆகவே, உள்ளிருப்போர் தொகை வருகையை மட்டுமன்றித் தங்கும் காலத்தையும் பொறுத்ததாகும்.

நோய்க்கும் இவ்வுண்மை பொருந்தும். காசநோயை எடுத்துக்கொள்வோம். கிருமி தொற்றாத நிலை, தொற்றியும் நோயுறாத நிலை, நோயுற்ற நிலை, நலம் பெற்ற நிலை, இறப்பு என மக்களின் நிலைகளைப் பகுக்கலாம். ஒரு நிலையினின்று மற்றொன்றிற்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு எத்தனை பேர் செல்கின்றனர் என்று அறிந்தால், ஒவ்வொரு நிலையிலும் மக்கள் தங்கும் சராசரிக் காலத்தைக் கணக்கிடலாம்; நோய் வளருமா, தேயுமா என்பதையும் முன்கூட்டி மதிப்பிடலாம். நார்வே நாட்டு அறிஞர் ஹான்ஸ் வாலர் முதலியோர், 1962ஆம் ஆண்டில் காசநோய்க்கு இத்தகைய கணித மாதிரி ஒன்றை வெளியிட்டனர்.

பெங்களூரில் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியக் காசநோய் நிலையத்தார், 1961 முதல் 1968 வரை அம்மாவட்டச் சிற்றூர்களில் இந்நோயின் போக்கை ஆராய்ந்தனர். முறையான மருத்துவத் திட்டம் அவ்வூர்களில் பரவாத காலம் அது. சளியில் கிருமி காணப்பட்டோருள், ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 49 பேர் இறந்திருந்தனர். 33 பேர் கிருமி நீங்கப் பெற்றிருந்தனர். எஞ்சிய 18 பேர் கிருமியோடே வாழ்ந்தனர். முடிவு தெரியவில்லை என்று இப்பதினெண்மரையும் நீக்கிவிட்டால், நெடுநாள் நோயுற்றோர் கணக்கினின்று மறைவர். நோய்க்காலம் உண்மையினும் குறுகித் தோன்றும். ஆதலின், புள்ளியியலார், ‘இதுகாறும் இவர் நோயுற்றிருந்தார்’ என்னும் அளவில் இத்தகையோரையும் கணக்கிற் சேர்ப்பர்.

நோய்க்காலத்தைச் சுருக்கும் வழியையும் ஆராய்ச்சி காட்டியது. சென்னையில் 1956ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தார், ஓராண்டு மருந்துண்ட நோயாளிகளை ஒப்பிட்டு நோக்கினர். வீட்டிலிருந்து மருந்துண்டோரும் மருத்துவமனையில் தங்கி உண்டோரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்தனர் என்பதை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வீட்டை விட்டுச் செல்ல இயலாத ஏழை மக்களுக்கு இது பெரும் நற்செய்தியாயிற்று.

இன்று, மருந்துக்குக் கட்டுப்படும் காசம் பெரும்பாலும் ஆறு திங்கள் மருத்துவத்தால் தீர்கிறது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. ஒருவர் நோயோடிருக்கும் நாள் குறையுந்தோறும் அவரால் கிருமி பெறுவோர் தொகையும் குறையும். சற்றே நலம் தெரிந்தவுடன் மருந்தை நிறுத்துவோர், தம் துன்பத்தை நீட்டிப்பதோடு, வீட்டாருக்கும் அயலாருக்கும் நோயைப் பரப்புவோர் ஆகின்றனர். மருந்தை முறையாக உண்டு முடிப்பது தமக்கும் பிறர்க்கும் செய்யும் நன்மையாகும்.