மெல்லச் சுழலும் மோட்டாரும் அதன் சுமையெல்லையும்

மாறுதிசை மின்சாரத்தால் இயங்கும் மோட்டாரின் வேகத்தை ஆலைகளில் இந்நாள் ‘டிரைவ்’ என்னுங் கருவிகொண்டு கூட்டியுங் குறைத்தும் ஆளுகின்றனர். தமிழ் பயில்வோர்க்கு இப்பொருளில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கலாம். எம்மூர் அரிசியாலை யொன்றில், மூட்டை ஏற்றும் பட்டையை இழுத்த மோட்டார் எரிந்து கிடக்கக் கண்டோம். கண்டபின் காரணம் வினவாதிருத்தல் எமக்கு இயலவில்லை.

மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றுவது. அலைவெண் குறையுங்கால் மின்னழுத்தத்தையும் அவ்விகிதத்திற் குறைத்தால், உள்ளெழும் காந்தப் பாய்வு மாறாது நிற்கும் என்பது விதி. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுருளுக்கு 230 வோல்ட் எனின், 5 ஹெர்ட்ஸில் 23 வோல்ட். கணக்கு இத்துணை எளிதாயின் நன்றே! ஆயின் செப்புக் கம்பிக்குத் தடை உண்டு. அத்தடை முழுச் சுமையில் 10 வோல்ட்டை உண்பதாகக் கொள்வோம். 230-இல் 10 போதல் பொருட்டன்று. 23-இல் 10 போயின் எஞ்சுவது 13. பாய்வு பாதியளவாய்ச் சுருங்கும். முறுக்குவிசையின் உச்சம் பாய்வின் இருமடியைப் பொறுத்ததாகலின், அது மூன்றிலொரு பங்கின் அருகே வீழ்ந்துபடும். சுமையேற்றிய பட்டை அசையாது நிற்பது இதனாலேயாம்.

இக்குறையை நிரப்பவே தாழ்வேகத்தில் சிறிது மிகை மின்னழுத்தம் ஊட்டுகின்றனர். தொழிலாளர் அதனைப் ‘பூஸ்ட்’ என்பர். நீரிறைக்கும் பம்புக்கு இது மிகுதியும் வேண்டுவதில்லை. அதன் சுமை வேகத்தோடு தானே குறையும். பட்டைக்கோ எவ்வேகத்தும் சுமை ஒன்றே. அளவு கடந்து ஊட்டினால் இரும்பு காந்தத்தால் நிறைவுற்று, சுமையில்லாப் போதும் மின்னோட்டம் பெருகிச் சுருள் காயும்.

யாம் கண்ட ஆலையில் பூஸ்டை உயர்த்தினர், பட்டை ஓடியது, அனைவரும் மகிழ்ந்தனர். பின்னர் அம்மெல்வேகத்திலேயே முழுச் சுமையோடு நாள்முழுதும் ஓட்டினர். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே பூட்டப்பட்டது; தண்டு மெல்லச் சுழலின் காற்றும் மெலியும். ஆகவே பெயர்த்தகட்டிற் பொறித்த ஆம்பியர் அளவைக் கடவாமலே சுருள் வெந்தது. மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் காப்புக் கருவி வாளா இருந்ததில் வியப்பில்லை. பூஸ்ட் புறப்பட உதவும். வெப்பத்தின் எல்லையை ஓரடியும் தள்ளி வையாது.

புதிய மோட்டாருக்குத் தனி மின்சாரத்தால் ஓடும் விசிறியொன்றைப் பொருத்தினர். சுருளினுள் வெப்ப உணரியும் வைத்தனர். பூஸ்டையும், பட்டை அசையுமளவிற்கு மேற்போகாதவாறு சிறிது சிறிதாய் ஏற்றிப் பார்த்து நிறுத்தினர்.