ஊருக்கு ஒரு திடல்: இடம் தேர்ந்தெடுக்கும் கலை

முன்னுரை

பாப்பாவை ஓடி விளையாடச் சொன்ன பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம், நம் ஆலங்குளத்திற்கு அண்மையில் உள்ள ஊராகும். ஆனால் ஓடி விளையாடுவதற்கு நம் ஊரில் இடம் எங்கே? விடியற்காலையில் ஓட்டப்பயிற்சி செய்யும் தோழியர் சிலர் திருநெல்வேலி–தென்காசி நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் ஓடுகின்றனர். அச்சாலை இப்போது நான்கு வழிச்சாலையாக விரிந்துவிட்டது. நிழல் தந்த சாலையோர மரங்கள் பல போய்விட்டன. வண்டிகளின் வேகமோ கூடிவிட்டது. ஓடுபவள் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. எனவே, ‘பூங்காவும் விளையாட்டுத் திடலும் எங்கே அமைய வேண்டும்?’ என்ற வினா எந்த ஊரிலும் எப்போதும் எழலாம். அவ்வினாவுக்கு முறையாக விடை காண்பது எப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

இடம் தேடும் முன் அளவு தெரிய வேண்டும். 400 மீட்டர் ஓடுதளத்தின் இலக்கணம் உலகெங்கும் ஒன்றே. இரு நேர்க்கோடுகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரு அரைவட்டங்கள், ஒவ்வொன்றின் ஆரமும் 36.50 மீட்டர். ஓடுபவர் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கொள்வது மரபு. ஆகவே வளைவின் ஆரம் 36.80 மீட்டராகிறது. வளைவுகள் இரண்டும் சேர்ந்து 231.22 மீட்டர், நேர்க்கோடுகள் இரண்டும் 168.78 மீட்டர். கூட்டினால் சரியாக 400 மீட்டர் வருவதைக் காணலாம்.

1.22 மீட்டர் அகலத்தில் எட்டுப் பாதைகள் அமைத்தால் முழு நீளம் சுமார் 177 மீட்டர். அகலம் சுமார் 92½ மீட்டர். இதுவே நான்கு ஏக்கருக்குச் சற்று மேலாகிறது. நடுவில் கால்பந்துத் திடல் அடங்கிவிடும். கபடி, கோ-கோ, கைப்பந்து ஆகியவற்றிற்கு ஓரத்தில் இடம் வேண்டும். பார்வையாளர் படிக்கட்டு, கழிப்பறை, உடை மாற்றும் அறை, வண்டி நிறுத்தம், மரநிழலில் நடைபாதை ஆகியவற்றையும் சேர்த்தால் ஏழெட்டு ஏக்கர் இல்லாமல் முடியாது. கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வரைபடத்தின் கடைசியில் இடம் இருந்தால் பார்க்கலாம் என்று விடப்படுகின்றன. பெண்கள் வராமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

மண்ணும் மட்டமும்

ஓடுதளத்தின் சரிவு, ஓடும் திசையில் ஆயிரத்திற்கு ஒன்றுக்கு மேல் இருத்தல் கூடாது. அதாவது 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கலாம். கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் நிலமும் நூற்றுக்கு ஒன்று சரிந்திருப்பதுண்டு. அத்தகைய நிலத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 177 மீட்டரில் ஏறத்தாழ 1¾ மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால் சுமார் 3,600 கனமீட்டர் மண் நகர வேண்டும். நம் ஊர்க் கணக்கில் 1,270 யூனிட்டுக்கு மேல்! நிலம் இலவசமாகக் கிடைத்தாலும் மட்டம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

மண்ணின் குணமும் முக்கியமானது. செவல் மண் நீரை வடித்துவிடும். கரிசல் மண்ணும் குளத்துக் களிமண்ணும் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அவற்றின்மேல் போட்ட ஓடுதளம் நாளடைவில் பிளவுபடும்.

வெயிலும் காற்றும்

நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் சூரியன் கிழக்குப் பக்கத்தில் எழுந்து மேற்குப் பக்கத்தில் மறைகிறது. விளையாட்டு நடப்பதோ காலையும் மாலையும். திடலின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் ஓடுபவர், பந்தைப் பிடிப்பவர் எல்லோருக்கும் கண் கூசும். ஆகையால் நீளவாக்கு தெற்கு வடக்காக இருத்தல் வேண்டும்.

இதனோடு நம் பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் நமக்குப் புழுதியையும் கொண்டுவருகிறது. 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை ஏற்கப்படுவதில்லை. நேர்க்கோடு கிழக்கு மேற்காக இருந்தால் சீசன் காலம் முழுவதும் இந்தத் தொல்லைதான். தெற்கு வடக்காக இருந்தால் காற்று குறுக்கே கடந்து போகும். படிக்கட்டையும் வேம்பு, புங்கை, பூவரசு மரங்களையும் மேற்குப் பக்கத்தில் வைத்தால் அவை காற்றைத் தடுக்கும். மாலை வெயில் பார்வையாளரின் முதுகுப்புறம் போய்விடும். ஆகவே பார்க்கப்படும் நிலம் தெற்கு வடக்காக நீண்டிருக்கிறதா என்பது முதல் பார்வையிலேயே கவனிக்க வேண்டியதாகும்.

மதிப்பெண் முறை

இடத் தேர்வுக்குத் திட்டமிடுவோர் கையாளும் எளிய வழி மதிப்பெண் முறையாகும். தேவைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண் வகுத்து, இடங்களை ஒப்பிடுவர். நானும் 100 மதிப்பெண்களைப் பின்வருமாறு பிரித்தேன்: அண்மையும் போக்குவரத்தும் 30, நில உரிமை 20, மட்டமும் மண்ணும் 20, குடிநீர், மின்சார வசதி 15, பின்னாளில் விரிவாக்க வாய்ப்பு 15.

நம் வட்டாரத்தில் எந்த ஊரிலும் மூன்று வகை இடங்களே கண்ணில் படும். முதலாவது, ஊரை ஒட்டி வறண்டு கிடக்கும் குளத்துப் படுகை. இரண்டாவது, ஊருக்கு எட்டு கிலோமீட்டர் வெளியே உள்ள மேய்க்கால் புறம்போக்கு. மூன்றாவது, ஊர் எல்லையில் விலை கொடுத்து வாங்க வேண்டிய புஞ்சை நிலம். குறிப்பிட்ட எந்த இடத்தையும் மனத்தில் கொள்ளாமல், வகையை மட்டும் கொண்டு மதிப்பெண் இட்டேன்.

குளத்துப் படுகைக்கு 27, 18, 15, 12, 13 என மொத்தம் 85. மேய்க்கால் நிலத்திற்கு 10, 17, 13, 8, 14 என மொத்தம் 62. புஞ்சைக்கு 24, 6, 14, 10, 7 என மொத்தம் 61.

முடிவைக் கண்டு நானே திகைத்தேன். குளம் பெருவெற்றி பெற்றுவிட்டது! கூட்டலில் பிழையில்லை, கேட்ட கேள்வியில்தான் பிழை. சில குறைகளை வேறு நிறைகளால் ஈடுகட்ட முடியாது. கணக்கில் நூறு வாங்கினாலும் தமிழில் தவறியவர் தவறியவரே அல்லவா? அதுபோல, முதலில் சல்லடை. அதன் பின்னரே தராசு.

குளம் ஏன் கூடாது?

‘பத்து ஆண்டாகத் தண்ணீர் வராத குளம்’ என்று சொல்லித்தான் குளத்தை எடுப்பர். ஆனால் நம் பகுதிக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேல்குளத்தின் மறுகால் நீர் கீழ்குளத்துக்குப் போகும். இடையில் ஒன்றைத் தூர்த்தால் ஒருபுறம் ஆயக்கட்டு காயும். மறுபுறம் பெருமழை நாளில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

பெங்களூரு இதற்குத் தக்க பாடமாகும். அங்குள்ள கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கித் திடலாயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியில் இன்று எஞ்சியிருப்பது கரகத் திருவிழாச் சடங்கிற்கென விடப்பட்ட ஒரு சிறு குட்டை மட்டுமே. மழை பெய்தால் அந்நகரம் படும் பாட்டை நாம் ஆண்டுதோறும் செய்திகளில் காண்கிறோம். நம் திருநெல்வேலியிலும் புதிய பேருந்து நிலையத்தை மக்கள் ‘வேய்ந்தான்குளம்’ என்றே அழைக்கின்றனர். பெயரில் குளம் இன்னும் இருக்கிறது.

சட்டமும் இதற்குத் தடை விதிக்கிறது. குளம், குட்டைகள் சமுதாயத்தின் பொதுச்சொத்து. அவற்றைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. ஆகவே சல்லடையின் முதல் கண் குளத்தை நிறுத்திவிட வேண்டும்.

தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது

சென்னையில் 1859ஆம் ஆண்டளவில் ஆளுநர் டிரெவெல்யன் 116 ஏக்கரில் மக்கள் பூங்காவை உருவாக்கினார். மிகச் சிறந்த இடத் தேர்வு அது. ஆனால் பின்னர் விக்டோரியா பொதுமன்றம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அங்கே எழுந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரியமே. ஆயினும் பூங்கா போய்விட்டது. காலி இடம் என்றால் சும்மா கிடக்கும் இடம் என்று எண்ணுவதன் விளைவு இது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1991இல் உச்ச நீதிமன்றம் பூங்காவின் பக்கமே நின்றது. ஆகவே தேர்ந்தெடுத்த இடத்தை வருவாய்ப் பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்று பதியச் செய்வதும் தேர்வின் ஒரு பகுதியே ஆகும்.

தராசை யார் பிடிப்பது?

குளத்தை நீக்கியபின் எஞ்சியவை இரண்டு. மேய்க்கால் 62, புஞ்சை 61. ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாடு. இந்த முடிவை என் தாயாரிடம் சொன்னேன். அவர் பீடி சுற்றுபவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “அங்க போயிட்டு ஆறு மணிக்கு மேல திரும்பி வர பஸ் உண்டா?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் பேருந்தே இல்லாத நேரத்தில் கட்டணமின்மையால் என்ன பயன்?

அண்மைக்குரிய மதிப்பெண்ணை இரு மடங்காக்கிப் பார்த்தேன். மேய்க்கால் 72, புஞ்சை 85. ஒரே கேள்வியில் வரிசை மாறிவிட்டது. 30 என்றும் 15 என்றும் நான் வகுத்தவை அறிவியல் அல்ல. என் எண்ணம் மட்டுமே. வண்டி வைத்திருப்பவர் வகுத்தால் ஒரு விடை. நடந்து வருபவர் வகுத்தால் வேறு விடை. ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் மேய்க்கால் நிலமும் காலி நிலம் அன்று என்பார். அதுவும் உண்மையே.

முடிவுரை

பூங்காவும் திடலும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூங்கா முதியவருக்கும் குழந்தைக்கும் உரியது. நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். அரை ஏக்கரும் போதும். புதிய மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவ்விடங்களைத் தேடிக் கண்டுபிடித்து மரம் வைத்தாலே ஊருக்குள் பல சிறு பூங்காக்கள் கிடைக்கும். ஓடுதளத்திற்கோ ஊர் எல்லையில், பேருந்து செல்லும் சாலையை ஒட்டி, புஞ்சையை விலை கொடுத்து வாங்குவதே தக்கது. ஒரு முறை கொடுக்கும் விலை அது. எட்டு கிலோமீட்டர் தொலைவு என்பது நாள்தோறும் நாம் கொடுக்க வேண்டிய விலை.

தோழியரே, இது அதிகாரிகளின் வேலை மட்டும் அன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் நிலத்தின் வகை என்னவென்று பார்க்கலாம். 2023 மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று பெரியவர்களைக் கேட்கலாம். மாலை ஆறு மணிக்கு அவ்விடத்தில் நாமே போய் நின்று பார்க்கலாம். இம்மூன்றையும் செய்துவிட்டு மதிப்பெண் போடுவோமானால் அந்தத் தராசு பொய் சொல்லாது. ஒருத்தி அச்சமின்றித் தனியே ஓடிவிட்டு, பொழுது சாயும்போது தனியே வீடு திரும்பக்கூடிய இடமே ஊருக்கு ஏற்ற திடல் என்பது என் துணிபு.