சொல்லின்றிப் பேசிய படம்

திரைப்படம் பிறந்தபோது அதற்குக் குரல் இல்லை. திரையில் மாந்தர் நடப்பர், அழுவர், நகைப்பர், ஆயினும் அவர்தம் சொல் ஒன்றும் நம் செவியில் விழாது. இன்றியமையாத சொற்கள் மட்டும் காட்சிகளுக்கிடையே எழுத்து வடிவில் தோன்றி மறையும். இத்தகைய ஊமைப்படங்களுள் ஒன்று, முறையிட்டும் கேட்பாரற்ற தொழிலாளரின் துயரை உலகறியக் காட்டிற்று. அதன் பெயர் 'வேலைநிறுத்தம்' என்பதாகும். 1925ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் வெளிவந்த அப்படத்தை ஆக்கியவர் செர்கை ஐசன்ஸ்டீன். அவர் 1898ஆம் ஆண்டில் ரீகா நகரில் பிறந்தவர், பொறியியல் பயின்றவர், பின்னர் நாடக அரங்கில் பணியாற்றியவர். அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுவே.

கதை, 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முற்பட்ட, சார் மன்னர் ஆண்ட ரஷ்ய நாட்டில் நிகழ்கிறது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவுக் கருவி களவு போகிறது. அதன் விலை 25 ரூபிள். அஃது அங்குள்ள தொழிலாளியின் மூன்று வார ஊதியம். யாக்கோவ் என்னும் தொழிலாளிமீது திருட்டுப்பழி சுமத்தப்படுகிறது. மானமுள்ள அவன், தான் குற்றமற்றவன் என்று எழுதிவைத்துவிட்டு உயிர் துறக்கிறான். ஒருவனுக்கு நேர்ந்த அநீதி அனைவர் நெஞ்சையும் சுடுகிறது. சுழன்றுகொண்டிருந்த பொறிகள் நிற்கின்றன.

தொழிலாளர் கேட்டவை யாவை? நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. சிறுவர்க்கு ஆறு மணி நேரம். நூற்றுக்கு 30 பங்கு ஊதிய உயர்வு. மனிதரை மனிதராக நடத்தும் பண்பு. இக்கோரிக்கைத் தாளை முதலாளிகள் மது அருந்தியவாறே படிக்கின்றனர். பின்னர், சிந்தியதைத் துடைக்கும் கந்தலாக அதனைப் பயன்படுத்துகின்றனர். எத்தனையோ குடும்பங்களின் வேண்டுகோளுக்கு அவர்கள் தந்த மதிப்பு அவ்வளவே! அச்செயலை விளக்க ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

நாட்கள் செல்கின்றன. அடுப்பு எரியாத வீடுகளில் பிள்ளைகள் பசியால் வாடுகின்றனர். ஒற்றர்கள் தொழிலாளரைப் பின்தொடர்கின்றனர். கூலிக்கு அமர்த்தப்பட்ட கயவர்கள் மதுக்கடைக்குத் தீ வைக்கின்றனர். தொழிலாளர் அச்சூழ்ச்சியில் சிக்காமல் விலகிச் செல்கின்றனர். எனினும், தீயணைக்க வந்த நீர் அவர்கள்மீதே பாய்ச்சப்படுகிறது. இறுதியில் படை வருகிறது. தொழிலாளர் சுட்டு வீழ்த்தப்படுகின்றனர்.

அக்கொடுமையைக் காட்டிய முறையே இப்படத்திற்கு அழியாப் புகழைத் தந்தது. மக்கள் வீழ்வதை ஒரு கணம் காண்கிறோம். மறுகணம், கொலைக்களத்தில் ஒரு காளை வெட்டுண்டு வீழ்வதைக் காண்கிறோம். இவ்விரு காட்சிகளும் மாறி மாறி வருகின்றன. தொழிற்சாலைக்கும் காளைக்கும் கதையில் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், 'மனிதரை விலங்கெனக் கொன்றனர்' என்னும் கருத்து பார்ப்பவர் உள்ளத்தில் தானே எழுகிறது. இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருளைத் தோற்றுவிக்கும் இம்முறைக்கு 'மாண்டேஜ்' என்று பெயர். இன்றும் திரைக்கலை பயில்வோர் இதனைக் கற்கின்றனர்.

இப்படத்திற்குத் தனித் தலைவன் இல்லை. திரண்டெழும் மக்கள் கூட்டமே தலைவன். இஃது அக்காலத்தில் புதுமையாகும்.

எனினும், ஒன்றை நாம் மறத்தலாகாது. இது புரட்சிக்குப்பின், புதிய அரசின் ஆதரவில், அவ்வரசின் கொள்கையை வலியுறுத்த எடுக்கப்பட்ட படம். ஆதலின், முதலாளிகள் அனைவரும் பருத்த உடலினராய், நகைப்புக்குரியவராய், ஈரமற்றவராய் மட்டுமே வருகின்றனர். நெஞ்சை உருக்கும் கலை, ஒருபக்கச் சார்புடையதாகவும் இருக்கக்கூடும். கண்ணீரோடு பார்க்கும்போதே கருத்தோடும் பார்ப்பது அறிவுடையோர் கடமையாகும்.

ஆயினும், அச்சார்பையெல்லாம் கழித்த பின்னரும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. 25 ரூபிள் பெறுமான கருவி ஒன்றற்காக ஒரு மனிதனின் மானம் பறிக்கப்பட்டது. அவன் சொல்லை அன்றே ஒருவர் பொறுமையுடன் கேட்டிருப்பின், பொறிகளும் நின்றிரா, குருதியும் சிந்தியிராது. எளியவர் முறையீட்டுக்குச் செவிசாய்ப்பதே அமைதிக்கு முதற்படி. குரலற்ற இப்படம் நமக்குக் கூறும் மொழி அதுவே.

பயிற்சி

1. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தமைக்குக் காரணம் யாது?
2. கோரிக்கைத் தாளுக்கு நேர்ந்த நிலை எதனை உணர்த்துகிறது?
3. 'மாண்டேஜ்' என்னும் முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. ஒருபக்கச் சார்புடைய கலைப்படைப்பை எங்ஙனம் காணல் வேண்டும்?